இரண்டாவது சாவி

என் கணவர் கிளெமென்ட் இருக்கும் வீட்டில் ஒரு ஜன்னலைச் சாத்துவதற்கு இரண்டு தடவை வாயைத் திறக்க வேண்டும். "ஐரின், ஜன்னலைச் சாத்து" என்பார். நான் எழுந்து போய்ச் சாத்தினால் அது கணக்கில் சேராது. "ஜன்னலைச் சாத்தறேன்" என்று முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். சாத்திய பிறகு "ஜன்னல் சாத்திட்டேன்" என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டும். மறந்தால், "உனக்கு என்ன கேட்டுச்சு? திருப்பிச் சொல்லு" என்று நாற்காலியில் இருந்தபடியே அதட்டல் வரும். கான்வென்ட்டில் ஆயுசு முழுக்கக் கணக்கு டீச்சராக இருந்து, ஹெட்மிஸ்ட்ரஸ்களையே வாயடைக்க வைத்தவள் நான். எனக்கு இந்தக் கதி.

வெளியாட்களையும் விடமாட்டார். குழாய் ரிப்பேர் செய்யும் நாகராஜுக்குப் போன் செய்து, சாயங்காலம் வந்து வாஷர் மாற்ற வேண்டும் என்றால், அவன் கன்னடத்தில் "ஆய்த்து சார்" என்பான். ஆய்த்து என்றால் காதில் விழுந்தது என்று பொருள். வருவானா என்பது அவனுக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். இந்தப் பெங்களூரில் பிறந்தவர்களுக்கு இதையெல்லாம் யாரும் விளக்க வேண்டியதில்லை. கிளெமென்டோ, எந்தக் குழாய், எத்தனை மணிக்கு, திருப்பிச் சொல்லு என்று அவனைப் பிடித்துக்கொள்வார். இப்போதெல்லாம் எங்கள் நம்பரைப் பார்த்தாலே நாகராஜ் போனை எடுப்பதில்லை. பாத்ரூம் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது.

இந்த உபதேசமெல்லாம் ஊருக்குத்தான். "குப்பை வண்டி வந்துடுச்சு, எடுத்துட்டுப் போய்க் குடுங்க" என்று நான் சொன்னால், "ஆச்சு ஆச்சு" என்று பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொள்வார். வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும். எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் பேட்டை பூராவும் பார்க்க, நான்தான் வாளியைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் ஓடுவேன்.

ஒரு நல்ல மனிதர் எப்படி இப்படி ஆனார் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்லும்போதே எரிச்சல் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளெமென்டும் நானும் ஒரே சர்ச்சில், சிறு வயதில், ஒன்றாகப் புதுநன்மை வாங்கியவர்கள். அவர் அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. பெங்களூர்ப் பையனுக்குத் தண்ணீர் என்றால் அல்சூர் ஏரிதான். அதைப் பார்த்து வளர்ந்தவர் கடற்படைக்குப் போகிறேன் என்றபோது எங்கள் தெருவே சிரித்தது. போனதோடு நிற்கவில்லை. தண்ணீருக்கு மேலே மிதக்கிற கப்பல் போதாது என்று, அடியில் போகிற கப்பலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் ஆள் இருக்கமாட்டார். எங்கே போகிறார், எப்போது வருவார் என்று கேட்கக்கூடாது. இன்னும் விசேஷம் இல்லையா என்று சொந்தக்காரர்கள் குடைந்தபோது, "ஆளே வீட்ல இல்ல, விசேஷம் எங்கேருந்து வரும்?" என்று ஒரு கல்யாணப் பந்தியில் சத்தமாகவே கேட்டேன். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

படிப்படியாக ஏறி, ஒரு நீர்மூழ்கிக் கப்பலில் கேப்டனுக்கு அடுத்த ஆளாக ஆனார். அடுத்த கப்பலில் அவரே கேப்டன் என்று பேச்சு. அந்தக் கப்பலின் பெயர் எனக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்லமாட்டேன். அதில் இருந்தவை அணு ஏவுகணைகள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது.

கேப்டன் பெயர் சுந்தரராமன், மாயவரத்துக்காரர். கப்பலில் கட்டளை எல்லாம் இங்கிலீஷில்தான். ஆனால் கேப்டன் அறைக்குள் இவர்கள் இருவர் மட்டும் இருந்தால் தமிழ். மற்றவர்களுக்குப் புரியாது என்ற சௌகரியமும் அதில் உண்டு. கன்னடமும் உருதுவும் கலந்த கிளெமென்டின் கன்டோன்மென்ட் தமிழைக் கேட்டு, "உன் பேச்சுக்குத் தனியா ஒரு டிக்ஷனரி போடணும்டா" என்று சுந்தரராமன் சிரிப்பாராம். இருவரும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தார்கள். லீவில் எங்கள் வீட்டுக்கு வந்து என் கையால் சாப்பிட்டிருக்கிறார்.

அந்த ஏவுகணையை ஒருவராக அனுப்ப முடியாது. கேப்டனிடம் ஒரு சாவி, அடுத்தவரிடம் ஒரு சாவி. இரண்டும் தனித்தனிப் பெட்டகத்தில் இருக்கும். இவர் பெட்டகத்தின் எண் அவருக்குத் தெரியாது, அவருடையது இவருக்குத் தெரியாது. ஒருவருக்குப் புத்தி கெட்டாலும் இன்னொருவர் தெளிவாக இருக்கட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். சம்மதத்தைக் கேட்பதற்கும் சொல்வதற்கும் இங்கிலீஷில் எழுதி வைத்த வாக்கியங்கள் உண்டு. காதில் வாங்கியவர் வாங்கியதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் ஆழத்தில் இருக்கும்போது செய்தி வந்தது. ஏவுவதற்குத் தயாராகு என்று. பாதியில் அறுந்துவிட்டது. முடிவு இல்லை.

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் வாதாடினார்கள். வந்த வரைக்கும் போதும் என்றார் சுந்தரராமன். "வாலில்லாத மெசேஜ் சார் இது. மேல போய் இன்னொரு தடவை வாங்கலாம்" என்றார் கிளெமென்ட். மேலே போனால் எதிரி நம்மைப் பார்த்துவிடுவான், அப்புறம் கப்பலும் இல்லை, ஆட்களும் இல்லை என்றார் கேப்டன். அவர் சொன்னதும் தப்பில்லை என்பதுதான் கொடுமை. எங்கே ஏவ வேண்டும் என்பது வெறும் எண்களாகத்தான் இருக்குமாம். ஆனால் அந்த எண்களுக்குப் பின்னால் ஒரு ஊர் இருக்கிறது, அங்கேயும் நம் கமர்ஷியல் ஸ்ட்ரீட் மாதிரி ஒரு கடைத்தெரு இருக்கும், சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் செருப்புக்குப் பேரம் பேசுவார்கள் என்பதுதான் கிளெமென்டின் மண்டைக்குள் ஓடியது. கடைசியில் கேப்டன், "உன் சாவியை எடுத்துத் தயாரா வச்சுக்கோ, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்" என்றார். கிளெமென்ட் பதில் சொல்லாமல் வெளியே வந்தார். பதில் சொல்லாமல் என்பது கிளெமென்ட் சொல்வது.

அவர் தன் பெட்டகத்தின் முன்னால் போய் நின்றார். தொடவில்லை. அதற்குள் ஒலிபெருக்கியில் கேப்டன் குரல்: அடுத்த அதிகாரி சம்மதித்துவிட்டார், சாவி எடுத்தாகிவிட்டது, எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போங்கள். கப்பல் முழுக்கக் கால் சத்தம். சுந்தரராமன் தன் சாவியோடு வந்து பார்க்கிறார், இவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"சாவி எங்கே?"

"எடுக்கல சார். எடுக்கவும் மாட்டேன்."

"எடுத்துட்டேன்னு சொன்னியே!"

"நான் வாயையே திறக்கல."

இத்தனை ஆட்களுக்கு நடுவில் கேப்டனைப் பொய்யன் என்று சொன்ன மாதிரி ஆயிற்று. சுந்தரராமனின் முகம் வெளுத்துவிட்டது. கிளெமென்டைப் பொறுப்பிலிருந்து நீக்கி, அவர் அறையிலேயே அடைத்து, வாசலில் காவல் போட்டார். மூன்றாவது அதிகாரியைக் கூப்பிட்டுப் பெட்டகத்தை உடைக்கச் சொன்னார். அந்த ஆள் கருவியைத் தேடுகிற மாதிரி தேடிக்கொண்டே இருந்தாராம். புண்ணியவான், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். அவர் தேடி முடிப்பதற்குள் அதே செய்தி மறுபடி வந்தது, இந்தத் தடவை வாலோடு. வாலில் இருந்தது ஒரே சொல். பயிற்சி.

அதாவது ஒன்றும் நடந்திருக்காது. அந்தச் சாவிகள் அன்று எதையும் கொளுத்தியிருக்காது. ஆனால் அது பயிற்சி என்பது கப்பலில் யாருக்கும் தெரியாதே. தெரியாத நேரத்தில் யார் என்ன செய்தார்கள் என்பதுதானே கேள்வி!

விசாரணை நடந்தது, முழுக்க இங்கிலீஷில். வேலை முடிந்துவிட்டது என்று அடுத்த அதிகாரி எனக்கு வாய்மொழியாகத் தெரிவித்தார் என்றார் சுந்தரராமன். நான் அப்படி எதுவும் தெரிவிக்கவில்லை என்றார் கிளெமென்ட். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார், யார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இருவரையும் கரைக்கு அனுப்பிவிட்டார்கள். கிளெமென்டின் பணிக் குறிப்பில், சம்மதித்துவிட்டுப் பின்வாங்கியவர் என்று ஒரு வரி ஏறியது. கேப்டனாக வேண்டியவர் ஒரு ஸ்டோரில் கயிறும் பெயின்ட்டும் எண்ணிக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

வேலை போனதை அவர் ஜீரணித்துவிட்டார். அந்த வரியைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

"பயந்தாங்கொள்ளின்னு எழுதியிருந்தா போகட்டும், ஐரின். அடங்காதவன்னு எழுதியிருந்தாலும் போகட்டும். ஒரு ஊரைக் கொளுத்தச் சம்மதிச்சான்னு எழுதிட்டாங்களே! ஒரு நிமிஷம்கூட நான் சம்மதிக்கல. என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வரல."

இதை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்! சாப்பிடும்போது, சிவாஜி நகர் பஸ்ஸில், என் அண்ணன் எரிக்கின் சாவு வீட்டில்கூட. சில நாள் எனக்கு அந்தச் சுந்தரராமனை விட இவர் மேல்தான் ஆத்திரம் வரும். சர்ச்சில் பூசையின்போது, சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் செய்த பாவங்களை எல்லோரும் சேர்ந்து அறிக்கையிடும் இடம் வருமே, அங்கே இவர் 'சொல்லாலும்' என்பதை மட்டும் விட்டுவிடுவார். உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்பார். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொள்வேன். அந்த ஒரு சொல்லில் அவர் சுத்தமானவர் என்று ஆண்டவரிடமே வழக்காடுகிறார். வீட்டில் எல்லோரையும் திருப்பிச் சொல்லச் சொல்வதும் அதனால்தான். சொல்லாததைச் சொன்னதாக இன்னொரு தடவை யாரும் சொல்லிவிடக்கூடாது.

போன மாதம் சுந்தரராமன் போன் செய்தார். மகள் தீபிகாவோடு இருப்பதற்காக பெங்களூருக்கே வந்துவிட்டாராம், ஆடுகோடிப் பக்கம் ஃப்ளாட். ஒரு தடவை வந்து பார்க்கலாமா என்று கேட்டார். கிளெமென்ட் போனை வைத்துவிட்டு ஷேவ் செய்துகொள்ளப் போனார், வருவதென்னவோ மறுநாள் சாயங்காலம்தான் என்றாலும். "கடைசியில ஒத்துக்க வர்றாரு, ஐரின். பொய் சொன்னேன்னு என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லப் போறாரு." பாவமாக இருந்தது, அதைவிடப் பேஜாராக இருந்தது. இத்தனை காலம் ஒரு மனிதர் வந்து தலைகுனிவதற்காகவா நாம் வாழ்ந்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார், பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது. மசாலா தடவிய காங்கிரஸ் கடலையும் முறுக்கும் வைத்தேன். இருவரும் மெட்ரோ வேலையைப் பற்றி, டிராஃபிக்கைப் பற்றிப் பேசினார்கள். நான் சமையலறையில் காபிக்குப் பாலை அடுப்பில் வைத்தேன். எங்கள் வீட்டில் அடுப்பும் ஹால் நாற்காலியும் நான்கு எட்டு தூரம்கூட இல்லை, எல்லாம் காதில் விழும்.

சுந்தரராமன்தான் ஆரம்பித்தார். "கிளெமென்ட், நான் சண்டைக்கு வரலை. ஒரே ஒரு விஷயம். எனக்கு வயசாயிடுத்து. நான் அன்னிக்கு நெஜமாவே கேட்டேனா, இல்லை கேக்கணும்னு ஆசைப்பட்டதை என் காதே சொல்லிண்டதா? இது தெரியாம எனக்குத் தூக்கம் இல்லை. நீ சம்மதிக்காம சம்மதிச்சதா நான் கப்பல் முழுக்கச் சொல்லியிருந்தேன்னா, நான் எப்பேர்ப்பட்ட பாவி! உண்மையைச் சொல்லு. நீ சொன்னியா இல்லையா?"

"நான் வாயையே திறக்கல, சார்."

"சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

அந்தப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கே பொறுக்கவில்லை. அப்போது பார்த்து மழை. பெங்களூர் மழை சொல்லிக்கொண்டா வரும்? மொட்டை மாடியில் துணி அத்தனையும் காய்ந்துகொண்டிருந்தது. "என்னங்க, பால் வச்சிருக்கேன். பொங்கறதுக்குள்ள கேஸை அணைச்சுடுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன். பின்னாலிருந்து இவர் குரல் கேட்டது. நான் நிற்கவில்லை.

துணியை அள்ளிக்கொண்டு இறங்கும்போதே கருகல் வாடை. பால் பொங்கி வழிந்து, அடுப்பு நனைந்து, மேடை முழுக்க ஓடித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. தீ அணைந்து கேஸ் சீறிக்கொண்டிருந்தது. துணியைப் போட்டுவிட்டு அடுப்பை மூடி ஜன்னலைத் திறந்தேன். திரும்பினால், இந்த இரண்டு ஆண்களும் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். மூக்கு இல்லையா இவர்களுக்கு!

சுந்தரராமன் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "திருப்பிச் சொல்லு, கிளெமென்ட். கேஸை அணைக்கச் சொன்னா உன் பொண்டாட்டி. நீ என்ன பதில் சொன்னே?"

"நான் எதுவும் சொல்லல, சார். எத்தனை தடவை கேப்பீங்க? நான் வாயையே திறக்கல."

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "ஏன் திறக்கல? ஆச்சு ஆச்சுன்னு சொன்னீங்களே! மாடிப்படி வரைக்கும் கேட்டுச்சு. அந்த நம்பிக்கையிலதானே போனேன்! வீட்டையே கொளுத்திட்டிருப்பீங்க!"

பால் போன கோபம்தான். வேறு ஒன்றும் என் மனதில் இல்லை.

சுந்தரராமன் கண்ணை மூடிக்கொண்டார். "அதே வார்த்தை" என்றார். "அறையை விட்டு வெளியே போனே. சாவியை எடுடான்னு பின்னாலேருந்து கத்தினேன். திரும்பிப் பார்க்காம ஆச்சு ஆச்சுன்னே. எங்க ஊர்ல ஆச்சுன்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம். முடிஞ்சுதுன்னுதான் நான் அவாகிட்ட இங்கிலீஷ்ல சொன்னேன்."

"இல்ல சார்" என்று கிளெமென்ட் அவசரமாக ஆரம்பித்தார். முகம் ஒரு கணம் பிரகாசமாகக்கூட இருந்தது, இத்தனை வருஷத்து முடிச்சு அவிழ்ந்துவிட்ட மாதிரி. "எங்க பக்கம் அதுக்கு முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல சார். கன்னடத்துல ஆய்த்துன்னு சொல்வாங்களே, அதுதான். சும்மா, சரின்னு..."

அங்கே நின்றுவிட்டார்.

நானும் கையில் கரித்துணியோடு நின்றேன். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததை அவரே இப்போதுதான் கேட்டார்.

"சரின்னா சொன்னேன், ஐரின்?" என்று என்னைக் கேட்டார்.

சிந்திய பாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடுப்பை அணைக்கணும்னு நான் நினைக்கவே இல்ல. வாய் சொல்லிடுச்சு. எழுந்திருக்கற எண்ணமே இல்ல எனக்கு. அன்னிக்கும் அப்படித்தான் சார். உங்ககிட்டேருந்து தப்பிச்சுப் போறதுக்கு, ஒரு ஊரைக் கொளுத்தறதுக்கு, சரின்னு சொல்லியிருக்கேன்."

"நானும் ரூல்படி இங்கிலீஷ்ல கேட்கலை" என்றார் சுந்தரராமன். "திருப்பிச் சொல்லுன்னும் கேட்கலை. வந்த பதில் எனக்குத் தோதா இருந்தது. எடுத்துண்டுட்டேன்."

மழை விடும்வரை சுந்தரராமனை உட்காரச் சொன்னேன். நான் கடுங்காபி போட்டுக் கொடுத்தேன். வாசல் வரை சுந்தரராமனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனது கிளெமென்ட்தான். ஆட்டோ போன பிறகு உள்ளே வந்து, கேட்காமலே துணியை வாங்கி, மேடையையும் தரையையும் துடைத்தார். எனக்கு ஆறவில்லை. யாரும் பொய் சொல்லவில்லையாம்! அப்படியானால் என் வாழ்க்கையைத் தின்றது யார்? யார் மேலே கோபப்படுவது என்றுகூட இல்லாமல் செய்துவிட்டார்கள். நாளெல்லாம் நானும் சொல்கிற சொல் அது. காய்கறிக்காரனுக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் ஆச்சு, ஆச்சு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் அந்த இடம் வந்தது. எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். கிளெமென்ட் 'சொல்லாலும்' என்றார். முன் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக. சொல்லிவிட்டு, திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதுபோல, தனக்குள் இன்னொரு தடவை சொல்லிக்கொண்டார்.